மாமி வழியில் வந்த சீனி

ஒரு மண்டபம் நிறைந்த அதிகாரிகள் முன்னால் என் மாமியாரை எனக்கு இரத்த உறவு என்று நிரூபித்துக் காட்டியவன் நான். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நாக்கு இடறிவிட்டது என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். நானோ பெரிய திரை கட்டி, கொம்பியூட்டரை இயக்கி, சிவப்புப் பட்டை போட்டு நிரூபித்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும், "உங்கட அனுபவத்தில ஒண்ட எழுதித் தாங்க சேர்" என்று கேட்டபோது, நான் கெட்டித்தனமாக நடந்துகொண்ட அனுபவம் ஏதும் அகப்படுமா என்று ஒரு கிழமை தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. ஆகவே இது.

முன்கூட்டிய ஓய்வு எடுக்கும்வரை நான் இருந்தது கல்முனைப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்றின் புள்ளிவிபரப் பிரிவில். எந்த ஆசுபத்திரி என்று சொல்லமாட்டேன். என் பென்சன் காகிதங்கள் இன்னும் அவர்கள் மேசையில்தான் கிடக்கின்றன. எங்கள் கரையோரத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய், எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கலியாண வீட்டில் ஒரு கையால் இனிக்க இனிக்க வட்டிலப்பத்தை வாங்கி, மறுகையால் சட்டைப்பையில் மருந்துக் குளிசையைத் தேடுகிற ஊர்கள் இவை. அத்தனை பேருக்கும் இரத்தம் எடுத்துச் சோதிக்க எங்களிடம் ஆளும் இல்லை, சாமானும் இல்லை. அதனால் வந்ததுதான் அந்தத் திட்டம். கிளினிக்குகளில் சேர்ந்து கிடந்த விபரங்களை, அதாவது வயது, நிறை, இடுப்பளவு, பிரஷர், கொழுப்பு, குடும்பத்தில் யாருக்கும் வருத்தம் உண்டா என்பதையெல்லாம், கொம்பியூட்டருக்குக் கொடுத்துப் படிக்க வைப்பது. அது படித்து முடித்து, யார் யாருக்குச் சீனி இருக்கக்கூடும் என்று சொல்லும். சிவப்பு வந்தவர்களை முதலில் கூப்பிட்டு இரத்தம் பார்ப்போம். பச்சை வந்தவர்கள் பிறகு வரலாம்.

திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆலையடிவேம்பைச் சேர்ந்த ஒரு பெண் டொக்டர். குரலை உயர்த்தாமலே எதிரில் இருப்பவரை ஓரிரு கிலோ மெலிய வைக்கக்கூடியவர். அவர் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்.

"சேர், ஏன் எண்டு சொல்லாத மிஷின் எனக்கு வேணாம். வருத்தக்காரன் என்னட்ட, 'ஏன் டொக்டர் எனக்கு மட்டும்?' எண்டு கேப்பான். கொம்பியூட்டர் சொன்னது எண்டு சொன்னா, மருந்தையும் அதுக்கிட்டயே எடுக்கச் சொல்லிப் போட்டுப் போயிடுவான்."

ஆகவே நாங்கள் காரணம் சொல்லும் மொடல் ஒன்றைச் செய்தோம். ஒரு ஆளின் விபரத்தைப் போட்டால், முடிவோடு கூடவே பட்டைகளும் திரையில் வரும். வருத்தத்தின் பக்கம் தள்ளுகிற காரணத்துக்குச் சிவப்புப் பட்டை, அதைத் தடுத்து இழுக்கிற காரணத்துக்குப் பச்சைப் பட்டை. பட்டை நீளமென்றால் காரணம் பெரிது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது என்றுதான் நினைத்திருந்தேன்.

இங்கே என் மொழிப்பற்றைப் பற்றி ஒரு சொல். அரசாங்கத் தமிழ் மனிதனுக்கு விளங்க வேண்டும் என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியே தலை நரைத்தவன் நான். வீடு வீடாக விபரம் எடுக்கப் போன பிள்ளைகளிடம் கொடுத்திருந்த கேள்வி இப்படி இருந்தது: "உங்களது முதல்நிலை இரத்த உறவினர்களுள் எவரேனும் நீரிழிவு நோயினால் பாதிக்கப்பட்டுள்ளனரா?" இதைக் கேட்டதும் சாய்ந்தமருதில் ஒருவர் எழுந்து உள்ளே போய்ச் சாரனை மாற்றிக்கொண்டு வந்தார், ஏதோ நீதிமன்ற விவகாரம் என்று நினைத்து. நான் பேனையை எடுத்தேன். அந்த வசனத்தை வெட்டி எறிந்துவிட்டு எழுதினேன்: "உங்கட வீட்டில ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கா?" அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தடுமாறவில்லை. ஓம் அல்லது இல்லை, பட்டென்று பதில். ஒரு மொழிபெயர்ப்பாளனின் வாழ்க்கையில் அப்படியான நாட்கள் குறைவு.

மொடல் படித்து முடித்தது. பெண்களுக்குக் குடும்ப வருத்தத்தின் பட்டை நடுத்தரம். கலியாணம் முடித்த ஆண்களுக்கோ எல்லாப் பட்டைகளையும்விட அதுதான் நீளம். நான் உடனே, "இப்பிரதேசத்தில் பரம்பரைக் காரணி ஆண்மக்களையே கூடுதலாகத் தாக்குகின்றது" என்று ஒரு பந்தி எழுதினேன். எழுதியதை நானே பல தடவை வாசித்தேன். ஏன் அப்படி என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னிடம் கேட்கவில்லை.

இனி ஜெமீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் திட்டத்தின் வான் ஓட்டுனர். அட்டாளைச்சேனையில் பிறந்து, நிந்தவூரில் பெண் எடுத்து, அந்த வீட்டில் இருப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியநீலாவணையில் இருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் நாங்கள் வேலைக்குப் போய் வருகிற பாதையில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜெமீல் அவற்றில் அநேகமானவற்றில் வானை நிறுத்துவார். தொழுகை நேரமா இல்லையா என்பது கணக்கில்லை. "ஒரு நிமிசம் சேர்" என்று சொல்லிக் கொண்டே இறங்கி, ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்விடுவார்.

அந்த வேகத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். ஓட்டுனர் பள்ளிக்குள்ளே, என் வயதில் ஒருவன் வானுக்குள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நானும் இறங்கிப் போய்க் கைகால் கழுவி வுழூ எடுத்து இரண்டு ரக்கஅத் தொழுவேன். இப்படியே என் மதிப்பு ஊர் ஊராக உயர்ந்தது. நிந்தவூர்ப் பள்ளி ஒன்றில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர், என்னைக் கண்டதும் முன்வரிசையான முதல் ஸஃப்பில் இடம் விடத் தொடங்கினார். வீட்டில் மனைவிகூட ஒரு நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன, மௌத்துப் பயம் வந்திட்டா?" என்று கேட்டாள், ஏதோ நான் சாகக் கிடப்பது போல.

வானில் ஜெமீலின் சீற்றுக்குக் கீழே எப்போதும் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் உருளும். "வெக்கை சேர்" என்பார். கொஞ்ச நாளில் ஆளும் மெலிந்து வடிவாக வந்தார். எனக்குப் பொறாமை. "என்னடா சாப்பாட்டுக் கட்டுப்பாடா?" என்று கேட்டேன். "ஒண்டும் செய்யல்ல சேர், தானா இறங்குது" என்றார். தானாக இறங்கும் நிறைக்கு நான் ஏங்கினேன். குதிக்காலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். செருப்புக் கடித்ததாம். மொடலில் செருப்புக்குக் கட்டம் இல்லை.

அவருக்கும் விபரம் போட்டுப் பார்த்தோம். பச்சை. நானே பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினேன். "இதப் பார் ஜெமீல், உன்ட வீட்டில ஒருத்தருக்கும் இல்ல எண்டு சொன்னாய்தானே, இந்தப் பச்சைப் பட்டைதான் உன்னக் காப்பாத்துது." அவர் அதைப் போனில் படம் பிடித்து, அன்றைக்குச் சந்தித்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பிறகு அந்த நாள் வந்தது. மொடலைக் கரையோரக் கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்கக் கொழும்பில் இருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். கொடுப்பதென்று முடிவானால், பச்சை வந்தவர்கள் எங்கேயும் கடைசி வரிசைக்குத்தான் போவார்கள். நான் காலில் புதிய சப்பாத்துப் போட்டிருந்தேன். பரம்பரைப் பந்தியை மனப்பாடம் செய்திருந்தேன்.

பாதியில் ஒரு அதிகாரி, மிகவும் மரியாதையான மனுசன், "உயிருள்ள உதாரணம் ஒன்று காட்ட முடியுமா?" என்று கேட்டார். யாரும் எழும்பவில்லை. தன் இடுப்பளவு பெரிய திரையில் வருவதை எவர் விரும்புவார்? நானே என்னைக் கொடுத்தேன். திரை சிவந்தது. நீளமான பட்டை, குடும்ப வருத்தம். நான் கையை அகல விரித்து, "பார்த்தீர்களா, பரம்பரை" என்றேன்.

"உங்கள் தாயாருக்கா, தந்தைக்கா?" என்றார் அவர்.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்ல சேர். மாமிக்கு. ரெண்டு நேரமும் ஊசி."

"மாமி என்றால்?"

"என்ட மனைவியிட உம்மா."

அந்த மனுசன் கேலியே இல்லாமல், உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: "அவருடைய பரம்பரை உங்களுக்கு எப்படி வந்தது?"

கொழும்புக்காரருக்கு இது விளங்காது. எங்கள் கரையில் வீடு மகளுக்குத்தான். கலியாணத்தன்று ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அதோடு அவன் வீடு அதுதான். இத்தனை வருடமாக நான் உறங்குவதும் உண்பதும் அங்கேதான். "உங்கட வீட்டில" என்று கேட்டால் என் கண்ணுக்கு முன் வருவது மாமியும் குளிர்சாதனப் பெட்டிக்குள் அவவின் ஊசி மருந்தும். அதை வைத்துத்தான் என் விபரத்தில் ஓம் போட்டேன். போட்டது நான், கேள்வியை எழுதியதும் நான். டொக்டரைப் பார்த்தேன். அவர் கண்களை மூடியிருந்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய வீட்டிலும் குடிவந்தவர் அவர் கணவர்தான்.

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். நான் தப்ப வழி இருந்தது. "மன்னிக்கணும், என் விபரத்தில் மட்டும் பிழை" என்று சொன்னால், எல்லாரும் ஒருமுறை சிரித்துவிட்டுத் தேநீருக்குப் போயிருப்பார்கள். அதைச் சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் ஆண்களின் அந்த நீளப் பட்டை ஞாபகம் வந்தது. சுவரோரம் நின்ற கணக்குப் பிரிவு நாஸரைக் கூப்பிட்டேன்.

"நாஸர், வீட்டில ஆருக்கும் சீனி இருக்கா எண்டு கேட்ட நேரம் நீங்க ஆர நினைச்ச?"

"மாமியத்தான் சேர். வேற ஆர நினைக்க?"

ஒலிபெருக்கி போட வந்தவரும் கையை உயர்த்தினார். "எனக்கு மாமியும் மாமாவும் சேர். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஓம் சொன்ன."

சிரிப்புக் கிளம்பியது. கதவடியில் போத்தலோடு நின்ற ஜெமீலுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "என்ட மாமிக்கு ஒரு வருத்தமும் இல்ல சேர்! அவ எங்க எல்லாரையும் அடக்கிப் போட்டுத்தான் போவா. எங்கட உம்மாக்குத்தான் சீனில கால் எடுத்த."

சிரிப்பு நின்றது. டொக்டர் மேடையில் இருந்து இறங்கி நேரே அவரிடம் போனார்.

"குதிக்கால்ல என்ன?"

"செருப்புக் கடிச்ச டொக்டர். பெருநாளைக்கு வாங்கின செருப்பு."

"எந்தப் பெருநாள்?"

"நோன்புப் பெருநாள்."

"ஹஜ்ஜுப் பெருநாளும் போயிட்டுதே. ரெண்டு மாசத்துக்கு மேல ஆறாத புண். தண்ணி நிறையக் குடிக்கிறீங்களா?"

"வெக்கை டொக்டர்."

"அடிக்கடி ஒண்டுக்குப் போறீங்களா?"

ஜெமீல் என்னைப் பார்த்தார். பெரியநீலாவணையில் இருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் உள்ள பள்ளிவாசல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் போயின. ஒவ்வொன்றிலும் அவர் ஓடியது எந்தப் பக்கமாக என்பதும் இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "சேர், ஒவ்வொரு நாளும் இவரோடதானே போய் வாறீங்க. ஒண்டும் காணல்லயா?"

"கண்டன் டொக்டர்" என்றேன். "பக்தி எண்டு நினைச்சன்."

இரத்தம் பார்ப்போம் என்றதும் ஜெமீல் மண்டபத்தை விட்டே வெளியேறிவிட்டார். நான் பின்னால் போனேன். வானின் படியில் இருந்துகொண்டு போனைத் தூக்கிக் காட்டினார். "நான் பச்சை சேர். நீங்கதான் விளங்கப்படுத்தின."

மடிக்கணினியை எடுத்து வந்து அவர் விபரத்தைத் திறந்தேன். குடும்ப வருத்தத்தில் இல்லை என்றிருந்ததை ஓம் என்று மாற்றினேன். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. "பாத்தியா?" என்றேன், வெற்றி பெற்றவன் போல.

அவர் சிவப்பையும் பார்த்து என்னையும் பார்த்தார். "ஒரு சொல்ல மாத்தின உடனே நிறம் மாறுற சாமான் இது. இத நம்பியா சேர் எனக்குக் குத்தப் போறீங்க?"

தம்பிமாரே, பல மாதமாக வீடு வீடாகப் போய், கொம்பியூட்டரை நம்புங்கள் என்று சொல்லித் திரிந்தேன். முழு மனதோடு நம்பியவர் இவர் ஒருவர்தான். இப்போது அவரிடமே போய் நம்பாதே என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜெமீல் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "உம்மா கிளினிக்குக்கு நடந்துதான் போன சேர். சீனி எண்டு சொன்னாங்க. பிறகு ஒரு விரல எடுத்தாங்க, மறுகா கால. எனக்கு வான் ஓட்டக் கால் வேணும்."

நான் மடிக்கணினியை மூடினேன். "ஜெமீல், இது உன்னப் பாத்துப் பச்சை போடல்ல. உன்ட மாமியப் பாத்துத்தான் போட்ட."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "அப்ப உங்களுக்குச் சிவப்பு?"

"அதுவும் மாமிதான்."

"அப்ப உங்களுக்கும் வருத்தம் இருக்காதே. முதல்ல நீங்க குத்துங்க சேர். நான் பாக்கிறன்."

ஒரு இரகசியம் சொல்கிறேன். ஆசுபத்திரியில் அத்தனை காலம் வேலை செய்தும் ஊசி குத்தும் அறைப் பக்கம் நான் போனதில்லை. எனக்கு இரத்தம் என்றால் திரையில் வருகிற எண்தான். இப்போது வேறு வழியில்லை. தாதியிடம் விரலை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். ஜெமீல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்ச சேர், கண்ணத் திறங்க" என்று அவர்தான் சொன்னார். கருவியைப் பார்த்த தாதி டொக்டரைப் பார்த்தாள். எனக்குச் சீனி இருந்தது. நன்றாகவே இருந்தது. அடுத்து ஜெமீல் தானாகவே விரலை நீட்டினார். அவருக்கு என்னைவிடக் கூடுதல்.

டொக்டர் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "உம்மாட காலக் கொண்டு போனது சீனி இல்ல தம்பி, மருந்துக்குப் பிந்தி வந்ததுதான். நீங்க ரெண்டு காலோடயும் வந்திருக்கிறீங்க. அந்தச் செருப்பை மட்டும் இண்டைக்கே வீசுங்க."

அன்று பின்னேரம் அதிகாரிகள் போன பிறகு, நான் ஆறுதல் தேடி, "என்ட விசயத்தில எண்டாலும் மொடல் சரியாத்தானே சொன்ன டொக்டர்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுதான் சேர் பயம்" என்றார். "பிழையான விடை வந்தா எங்க பிழைச்சது எண்டு தேடுவம். பிழையான காரணத்தோட சரியான விடை வந்தா கைதட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவம்."

நீங்கள் பட்டைகளைப் பார்க்கும்போது விடை சரியென்றால் அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பெண்களுக்கு அந்தப் பட்டை ஒழுங்காக வந்தது, அவர்கள் தாய் வீட்டிலேயே இருப்பதால். ஆண்களுக்கு அது காட்டியது பரம்பரையை அல்ல, சோற்றுப் பானையை. மருமகன் போதும் என்று கையை மறித்தால் விரலிடுக்கால் இன்னொரு அகப்பை போடுகிற மாமிமார் உள்ள ஊரில், மாமிக்கு வந்தது மருமகனுக்கு வருவதற்கு இரத்தம் தேவையில்லை. கொம்பியூட்டர் அதைக் கண்டுபிடித்துத் தந்தது. அதற்குப் பரம்பரை என்று பெயர் வைத்தவன் நான்.

அதிகாரிகள் திட்டத்தை நிறுத்தவில்லை. திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆண்கள் எல்லாரிடமும் திரும்பப் போனோம். இந்தமுறை இரண்டு கேள்விகள்: பெற்ற தாய் தகப்பனுக்கு, கூடப் பிறந்தவர்களுக்குச் சீனி இருக்கிறதா? நீங்கள் சாப்பிடுகிற வீட்டில் யாருக்கும் இருக்கிறதா? பச்சை வந்திருந்த பலர் சிவப்புக்கு மாறினார்கள், அவர்களை முதலில் கூப்பிட்டோம். புதிய மொடலில் தாய் தகப்பனின் பட்டை நீண்டது. மாமியின் பட்டை குட்டையானது, ஆனால் போகவில்லை. இந்த முடிவை நான் இன்னும் வீட்டில் அறிவிக்கவில்லை.

ஜெமீலின் புண் ஆறிவிட்டது. நிறை திரும்பவும் ஏறியிருக்கிறது, எனக்கும் பொறாமை இல்லை. சீற்றுக்குக் கீழே உருண்ட பெரிய போத்தல் போய்ச் சின்னதொன்று வந்தது. பெரியநீலாவணையில் ஏறினால் அட்டாளைச்சேனையில்தான் வான் நிற்கும். நான் ஓய்வு பெறும்வரை நாங்கள் எந்த இடத்துக்கும் பிந்திப் போகவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நிந்தவூர்ப் பள்ளிக்குப் போயிருந்தேன். வாசலில் அதே பாங்கு சொல்பவர். கையைப் பிடித்துக்கொண்டு, "கன நாளாக் காணல்ல, சுகமில்லையா?" என்று கேட்டார்.

"எனக்குப் பெரிசா இல்ல, அந்த டிரைவருக்குத்தான் சுகமில்லாம இருந்த" என்று முழுக் கதையையும் சொன்னேன். சீனி, போத்தல், பள்ளிக்குப் பள்ளி நின்றது, இப்போது குணமாகி வான் எங்கேயும் நிற்காதது எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ், அந்தப் புள்ளைக்குச் சுகமானதே பெரிய விசயம்" என்றார். பிறகு என் கையை விட்டார். "நான் இவ்வளவு நாளும் நீங்க தொழத்தான் வாற ஆள் எண்டல்லவா நினைச்சிட்டிருந்த."